கன்னிப் படத்துக் கை

வெண்கலக்கடைத் தெருக்காரர்கள் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். குடத்தைத் தட்டுவார்கள், அண்டாவைத் தட்டுவார்கள், சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சுவரைத் தட்டி உள்ளே செங்கல்லா மண்ணா என்று பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆகவே தை மாதக் கடைசி வாரத்தில், பழைய போர்வை சுற்றிய ஆளுயரப் படம் ஒன்று குட்டியானை வண்டியில் ஏறித் தல்லாகுளத்து வீட்டு வாசலுக்கு வந்தபோது, அழகுமலை முதல் காரியமாக அதன் சட்டத்தை விரல் முட்டியால் தட்டினார். தேக்குத்தான் என்று சொன்னார். அதற்கப்புறம்தான் போர்வையை அவிழ்க்கவிட்டார்.

படத்தில் நின்றது, அந்த வீட்டுக்காரனும் அவருடைய மைத்துனனுமான சூரியபிரகாஷின் மகள் இசைவாணி. ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவள், போன விஜயதசமிக்கு முந்தின விஜயதசமியின் மறுநாள் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள்.

மாம்பழ நிறப் பட்டுப்பாவாடை, பச்சைச் சட்டை. பின்னால் வெள்ளை மேகம், காலடியில் தாமரைக் குளம். இடது கை ஒரு தாமரை மொட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்க்க. கண்கள் இரண்டும் எண்ணெய் விட்ட விளக்கு மாதிரி மினுங்கின.

வீட்டுக்கூடத்தில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வியாபாரக் குடும்பத்தில் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே கிடையாது, அதற்கு மட்டும் விலை கேட்க மாட்டார்கள். முகத்தில் லட்சுமி களை தாண்டவமாடுகிறது என்றார் அழகுமலை. எந்தப் பக்கம் போனாலும் கண் நம்மைத்தான் பார்க்கிறது என்று எதிர்வீட்டு சுபலட்சுமி நடந்து நடந்து காட்டினாள். படத்தைச் சுமந்து வந்த மொக்கையன்கூடக் கூலியை வாங்கியதும் போகாமல் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டான். சூரியபிரகாஷ் நன்றாயிருக்கிறது என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, வண்டி போய்விட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனான். வண்டி கண்ணெதிரேதான் திரும்பிக்கொண்டிருந்தது.

அவனுடைய அக்கா அன்னக்கொடி, அழகுமலையின் மனைவி, படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கையப் பாரு ஜோதி. கேட்டதக் குடுக்குற கை. எம்புட்டு வேணும்னு கேக்குற மாதிரியில்ல நீட்டிக்கிட்டு நிக்கிறா."

வாணியைப் பெற்ற நாகஜோதி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் அரிசிமாவு. 

டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் குடும்பம் அவர்களுடையது. பூப்படைவதற்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை இறந்துபோனால் அவளை வீட்டுக் கன்னியாக்கிக் கும்பிடுவது அங்கே வழக்கம். ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டையும் ரிப்பனும் வளையலும் வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை படையல் போட்டுவிட்டால் அன்றிலிருந்து அவள் வீட்டுச் சாமி. அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அவளைப் பற்றி, அப்படிச் செய்வாள் இப்படிப் பேசுவாள் என்று கதை பேசக்கூடாது. முக்கியமாக, அவள் முன்னால் அழக்கூடாது. அழுத வீட்டில் கன்னி தங்க மாட்டாள் என்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, வருகிற வெள்ளிக்கிழமை.

அன்னக்கொடி கல்நெஞ்சக்காரி அல்ல. வாணிக்குக் காது குத்தியபோது பிள்ளையைவிட அதிகம் அழுதவள் அவள்தான். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தம்பி கடையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதையும், தம்பி பெண்டாட்டி பட்டப்பகலில் பள்ளிக்கூடப் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பதையும் பார்த்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருந்தாள். கன்னியானால் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைக்கும், இவர்களுக்கு அழுகை நிற்கும், அந்தக் கன்னி மனது வைத்தால் ஜோதி வயிற்றில் இன்னொன்று தங்கும். இதில் எதுவும் கெட்ட எண்ணம் இல்லை. தம்பியின் போனைப் பிடுங்கி அதிலிருந்த வாணி படங்களையெல்லாம் அள்ளிக் காஜிமார் தெருப் பக்கத்துச் சந்திலிருக்கும் ஓவியர் அப்துல் அலீமுக்கு அனுப்பியதும் அவள்தான். சொன்ன விலைக்குப் பேரம் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தாள். அன்னக்கொடி பேரம் பேசவில்லை என்ற செய்தி தெருவில் இரண்டு நாள் ஓடியது.

நாகஜோதி மாவுக்கையைக் கழுவிவிட்டு, எல்லாரும் காப்பி குடிக்கப் போனபிறகு, தனியாகப் படத்தின் முன்னால் வந்து நின்றாள்.

மேலூரில் அவளுடைய அப்பாவுக்கு மளிகைக்கடை. பிறந்த வீட்டிலும் கடை, புகுந்த வீட்டிலும் கடை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நீளுகிற கைக்கும் அந்தப் பக்கம் நீளுகிற கைக்கும் வித்தியாசம் தெரியாமல் அவள் வளரவில்லை. கொடுக்கிற கையில் விரல் தளர்ந்து கீழே சாயும். இந்தக் கையில் விரல் நுனிகள் மேல்நோக்கி மடங்கியிருந்தன. இது கேட்கிற கை.

என்ன கேட்டாள்?

அந்தப் பாவாடை அவள் கட்டிவிட்டது. அந்தப் பின்னல் அவள் போட்டது. படம் எந்தக் காலையில் எடுத்தது என்று அவளுக்குத் தெரியும். ஆயுதபூஜைக்குக் கடையைக் கழுவிச் சந்தனம் வைத்து மூடினால், விஜயதசமி காலையில் திறந்து முதல் வியாபாரம். அந்தப் போணியை வாணி கையால் செய்யவேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு வருஷம் அவள் கையைத் தொடவைத்து விற்ற செம்பு, அந்தச் சீசனையே தூக்கி நிறுத்தியது என்று தெருவில் பேச்சு. அதிலிருந்து அவள் கைராசி பிரசித்தம். ஒவ்வொரு விஜயதசமிக்கும் பாப்பா கையால் வாங்கவேண்டுமென்று கீழமாசி வீதியிலிருந்துகூட ஆள் வரும்.

அந்த வருஷம் பூஜைக்கு முன்னால் காய்ச்சல். மருந்துக்கடை மாத்திரையும் கஞ்சியுமாகக் கொதித்துக் கிடந்தவள், விஜயதசமி விடியும்போது வியர்த்து, உடம்பு சில்லென்று எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாகஜோதிதான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னாள். சரஸ்வதி கண் திறந்துவிட்டாள் என்று சூடம் காட்டினாள். அந்தக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது மறுநாள் ஆகியிருந்தது.

காலையில் அப்பாவோடு ஸ்கூட்டரில் போனவள், மத்தியானம் திரும்பி வந்து பாவாடையோடு படுத்தாள். சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றாள். அப்புறம் கைகால் குளிர்ந்தது. கடைக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் நாகஜோதி பார்க்கவில்லை. அவசரத்தில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட மறந்திருந்தாள். பதினாறு மாதமாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்தப் பாட்டில்தான். இப்போது படத்தில் உதடு உலர்ந்து, கை நீண்டு நிற்கிறது.

சாயங்காலம் புருஷனுக்கு இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்குக் கடையில தண்ணி கேட்டாளா?"

"இல்லையே."

"அப்ப அந்தக் கை எதுக்கு?"

"சும்மா நின்னா. அக்கா சொல்ற மாதிரி, ஆசீர்வாதம் பண்றாப்ல."

எவர்சில்வரை வெள்ளி என்று சொல்லாவிட்டாலும், வெள்ளிக்குப் பக்கத்து வீடு என்று கண் இமைக்காமல் சொல்லி விற்கத் தெரிந்த மனிதன், தட்டிலிருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். சட்னியை மறுபடி கேட்டான். சட்னி தட்டிலேயே இருந்தது. 

மறுநாள் பதினொரு மணி வெயிலில் ஷேர் ஆட்டோ பிடித்துக் காஜிமார் தெருவுக்குப் போனாள். பிரியாணிக்கு வெங்காயம் வதங்கும் வாசனையைத் தாண்டி, ஒரு சந்துக்குள் திரும்பி, மாடிப்படி ஏறினால் அலீமின் பட்டறை. படியேறும்போதே டர்பன்டைன் நெடி. உள்ளே நடந்துகொண்டிருந்த வேலைக்குக் குறைவில்லை. ஒரு மில்காரரின் காலமான தாயாருக்கு நகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் உயிரோடிருந்தபோது போட்டிராத ஒட்டியாணத்தைப் பிள்ளைகள் கேட்டிருந்ததால், தங்கநிறப் பெயிண்ட் டப்பா திறந்திருந்தது.

அலீம் பாய் அறுபதைத் தொடுகிற வயது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

"வாங்கம்மா. உக்காருங்க. படத்துல எதுவும் குறையா?"

குறையில்லை என்றும், எந்தப் போட்டோவைப் பார்த்து வரைந்தீர்கள் என்று பார்க்கவேண்டும் என்றும் அவள் சொன்னாள். அலீம் உள்பக்கம் திரும்பி ஷாஹீதாவைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொன்னார். அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்வரை போனில் தேடிக்கொண்டேயிருந்தார். தேடுவதாகப் பாவனையும் செய்தார் என்று நாகஜோதிக்குத் தோன்றியது.

கன்னிப் படத்துக்கு ஒரு முறை இருக்கிறது என்று அவர் பேச ஆரம்பித்தார். ஒரு கையில் பூ, ஒரு கையில் வரம். காலில் செருப்பு இருந்தால் எடுத்துவிட வேண்டும். கடை, கட்டில், பீரோ எதுவும் பின்னால் தெரியக்கூடாது, மேகம்தான். வந்த போட்டோக்களில் நிறைய ஓட்டமும் சிரிப்புமாகக் கலங்கியிருந்தன. இந்த ஒன்றில்தான் கண் பளபளவென்று அமைந்திருந்தது. மதினியம்மா அன்னக்கொடியும் இதைப் பார்த்ததும் சரி என்றார்கள்.

"முகத்துல நான் கை வைக்கலம்மா. உள்ளபடி. வலது கையும் உள்ளபடி. எடது கை மட்டுந்தான் பூவுக்காக மடக்கினேன்."

போனை அவள் கையில் கொடுத்தார்.

கடைக்குள் வாணி நின்றாள். பின்னால் குடங்கள் தொங்கின, சந்தனப் பொட்டு வைத்த தராசு தெரிந்தது. குதிகால் இரண்டும் தரையைவிட்டு எழும்பியிருந்தன. இரண்டு கைகளும் முன்னால், மேல்நோக்கி நீண்டிருந்தன.

நாகஜோதி அதை வெகுநேரம் பார்த்தாள். டீயில் ஆடை படிந்தது.

"ஒத்தக் கைய நீட்டினாத்தான் பாய் சாமி," என்றாள். "ரெண்டு கையையும் நீட்டினா பிள்ளை. தூக்கச் சொல்லுது."

அலீம் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொள்ளவில்லை.

"வரையிறப்பவே தெரிஞ்சுச்சும்மா. எனக்கும் பேத்தி இருக்குல்ல. ஆனா கேட்டது கன்னிப் படம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே ஆளவிட்டுப் படத்த எடுத்துட்டு வந்து, பூவ அழிச்சிட்டு ரெண்டு கையையும் உள்ளபடி போட்டுத் தர்றேன். வெள்ளிக்கு முன்னாடி காஞ்சிரும். அதுக்குக் கூலியெல்லாம் வேணாம்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் எழுந்தாள். படியிறங்கும்போது முதலில் வந்தது ஒருவிதமான நிம்மதி. தண்ணீர் இல்லை, தண்ணீருக்காக நீட்டிய கை இல்லை. சந்து முனைக்கு வந்து வெயிலில் நின்றபோதுதான் மற்றது புரிந்தது. போட்டோ எடுத்தவன் எதிரே நின்றிருந்தான். அந்தக் கைகள் போனைப் பிடித்திருந்தவனை நோக்கித்தான் நீண்டிருந்தன.

வீட்டுக்குப் போகாமல் கடைக்கு நடந்தாள்.

மத்தியான மந்தம். தெருவில் பாத்திரத்துக்கு ஒட்டுப்போடுகிறவர்களின் சுத்தியல் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. கடையில் ஒரு பெண் இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துப் போட்டு, மூடியில் நெளிசல் இருக்கிறது, இதைக் காசு கொடுத்து வாங்கினால் வீட்டுக்காரர் என்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் கொப்பரையை மட்டும்தான் திருப்பி எடுப்பேன், தங்கச்சியை எடுக்க மாட்டேன் என்று சூரியபிரகாஷ் சொன்னான். சிரிப்பில்லாமல் சொன்னான். தொழில் பழக்கத்தில் நாக்கு தானாகச் சொல்லும். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனாள்.

நாகஜோதி ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தான். அவள் இந்த ஒரு வருஷத்தில் கடைப்படி ஏறியதில்லை.

"பாய் வீட்டுல போட்டோவப் பாத்தேன்," என்றாள். "தூக்குனீங்களா?"

அவன் கையிலிருந்த டம்ளரைத் துணியால் துடைத்தான். உள்ளே துடைத்தான், வெளியே துடைத்தான், மறுபடியும் உள்ளே துடைத்தான்.

"அப்பா, தூக்குன்னு சொன்னா," என்றான். "இரும்மா, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்னேன். பட்டுப்பாவாடையில அம்புட்டு அழகா இருந்தா ஜோதி. எடுத்துட்டுத் தூக்கிக்கிருவோம்னுதான் இருந்தேன். எடுத்து முடிக்க, ஆளு உள்ள வந்துருச்சு. நீ குடும்மான்னு செம்ப அவ கையில குடுத்தேன். குடுத்தா. அடுத்தாப்ல இன்னொரு ஆளு. அப்படியே கூட்டமாயிருச்சு."

"அப்புறம்?"

"நீ இப்ப உக்காந்திருக்கியே, அந்த ஸ்டூலுதான். தானா ஏறி உக்காந்துக்கிட்டா. ஒருவாட்டி திரும்பிப் பாத்தேன். என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறம் கேக்கல ஜோதி. கேக்கவே இல்ல."

டம்ளரை அடுக்கில் வைக்கப் போனவன் கை தவறி, அது உருண்டு படியிறங்கித் தெருவில் போய் நின்றது. யாரோ எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள்.

திட்டவேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் எதிரே இருந்தவனிடம் திட்டுவதற்கு மிச்சமாக ஒன்றும் இல்லை. அவளே தலைபின்னி, பொட்டுவைத்து, ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டவள். அலீம் பாய் சொன்னதை மட்டும் சொன்னாள்.

"போடச் சொல்லு," என்றான் உடனே. "ரெண்டு கையையும் போடச் சொல்லு. அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

"யாரு பாக்குறதுக்கு?"

"நான் பாக்குறதுக்கு. கடைக்கு வரயிலயும் போகயிலயும் நான் பாக்கணும். எனக்கு அது வேணும்."

பேரம் என்றால் தன் பக்கத்துக்கு இழுப்பதுதான் அந்தத் தெருவில் வழக்கம். அன்றைக்கு அந்தக் கடையில் இரண்டு பேர் நஷ்டத்தைத் தங்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் ஆசைதான். மேகமும் தாமரையும் போய், குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தன் பிள்ளை கூடத்துச் சுவரில் இருந்தால், அவளிடம் அழலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அலீம் பாய்க்கு ஒரு போன் போட்டால் போதும். சேலை முந்தானையில் சுற்றியிருந்த போனை எடுக்கவும் செய்தாள். எதிரே புருஷன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தண்டனைக்குக் காத்திருப்பவன் மாதிரி அந்தப் போனைப் பார்த்தான்.

"வேணாங்க," என்றாள். "தெனமும் தூக்கு தூக்குன்னு நின்னா நீங்க எப்படித் தாங்குவீங்க. இருக்கட்டும். மதினி சொல்றாப்ல சாமியாவே இருக்கட்டும். சாமியாயிட்டா அவ நம்மகிட்ட ஒன்னும் கேக்க மாட்டால்ல. நாமதான் கேட்டுக்கிட்டு நிக்கணும்."

அவன் தலையைக் கல்லாப்பெட்டிமேல் கவிழ்த்துக்கொண்டான். குடங்கள் தொங்கும் கடைக்குள் ஓர் ஆண்பிள்ளை அழுதால் சத்தம் எல்லாப் பாத்திரத்திலும் போய் வருகிறது. நாகஜோதி எழுந்துபோய்க் கடைவாசலை மறைத்து நின்றுகொண்டாள். விலை கேட்க வந்த ஒருவரிடம், அவர் சாப்பிடுகிறார், அப்புறம் வாங்கண்ணே என்று சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பனி கொட்டியது. அன்னக்கொடி ஈரத்தலையோடு வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். பச்சைப்பயறு உருண்டையும் அதிரசமும் முந்தின நாளே ஆகியிருந்தன. ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், ரிப்பன். அளவு சரியாயிருக்குமா என்று யாரோ வாய்தவறிக் கேட்க, அழகுமலை அவரைக் கண்ணால் அடக்கினார். படத்துக்கு மஞ்சள் தெளித்துக் கதம்பம் சார்த்தினார்கள். பெற்றவள்தான் முதலில் பூப்போட வேண்டும்.

கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று அன்னக்கொடி காதோடு சொன்னாள். சொல்லும்போது அவள் குரலே உடைந்திருந்தது. நாகஜோதிக்கு வரவில்லை. பூவைப் போட்டாள். எல்லாரும் எதிர்பார்த்த சொல்லைச் சொன்னாள்.

"தாயே."

அடுத்து சூரியபிரகாஷ். வரம் கேளுடா என்று அக்கா முதுகில் தட்டினாள். அவன் கும்பிட்ட கையை வெகுநேரம் இறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. என்ன மாப்ள, லிஸ்ட்டு பெருசா இருக்கும்போல என்று அழகுமலை கனத்தை இறக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

சூடம் அணைந்து புகை கலைந்ததும் அன்னக்கொடி படத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்த அன்னைக்கு மூஞ்சி ஒரு மாதிரியா இருந்துச்சு ஜோதி. இப்பப் பாரு, தெளிஞ்சு சிரிக்குது."

நாகஜோதி பார்த்தாள்.

"ஆமா மதினி," என்றாள். "சிரிக்குது."

எதிர்வீட்டு சுபலட்சுமி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். மகளுக்குச் செய்முறைப் பரீட்சை ஆரம்பிக்கிறது, புதுக் கன்னிக்குச் சக்தி அதிகம், ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லி, நாகஜோதியின் தோளைத் தொட்டாள்.

"மறைக்குது ஜோதி. கொஞ்சம் தள்ளி நின்னுக்கிறியா?"

நாகஜோதி தள்ளி நின்றுகொண்டாள்.